எங்கேயும் போகாதவருக்கு ஒரு டிக்கெட்

ஏனுங்க அம்மிணி, உங்க பையைக் கொஞ்சம் அக்கட்டால தள்ளிக்கிறீங்களா? இதைக் கீழே வைக்க முடியாதுங்க. மேலே கம்பியிலும் வைக்கக் கூடாது. மடியிலேயேதான் வச்சுக்கணும். பானைதான். மஞ்சத்துணி சுத்தின சின்னப் பானை. உள்ளே எங்க வீட்டுக்காரர் இருக்கார்.

ஐயோ, எந்திரிக்காதீங்க. சாம்பல்தான். கடிக்காது. உசுரோட இருந்தப்பவே கடிக்கத் தெரியாத மனுஷன். கொடுமுடிக்குப் போய் ஆத்துல விட்டுட்டு வந்துருவேன், அவ்வளவுதான். நீங்க சாலைப்புதூரா? நல்லதாப் போச்சு. பேச்சுத் துணைக்கு ஆச்சு.

கண்டக்டர்கிட்ட நான் சண்டை போட்டதைப் பார்த்தீங்களா? இல்லை, நீங்க போன் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நமக்குத்தான் இந்த பஸ்ல இலவசமாச்சே. அந்தத் தம்பி எனக்கு ஒரு சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு நகரப் போனார். நான் விடலை. "தம்பி, கொடுமுடிக்கு ஆம்பளை டிக்கெட் ஒண்ணு குடு"ன்னேன். "ஆம்பளை எங்கம்மா?"ன்னார். "இதோ"ன்னு பானையைத் தொட்டுக் காட்டினேன். அவர் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். அப்புறம் மெதுவா, "லக்கேஜ் போட்டுக்கலாங்களாம்மா?"ன்னார். எனக்கு வந்துச்சே கோவம்! "பதிமூணு வருஷம் போலீஸ்காரங்க இவரை மூட்டையாக் கட்டித்தான் போட்டு வச்சிருந்தாங்க. இனிமே ஒரு நாளும் லக்கேஜ் கிடையாது. முழு டிக்கெட் போடு"ன்னேன். போட்டுட்டார். இதோ பாருங்க, முந்தியில முடிஞ்சு வச்சிருக்கேன்.

சிரிப்பு வருதுங்க. மன்னிச்சுக்குங்க. இந்த மூணு மாசமா இப்படித்தான். தலையில பூ வேற வச்சிருக்கேன், பாருங்க. நேத்து மயானத்துல வச்சு சொந்தக்காரப் பொம்பளைங்க எல்லாம், "சம்பூரணம், இனி பூ வைக்கக் கூடாது"ன்னாங்க. நான் சொன்னேன், "பதிமூணு வருஷமா பூ வச்சப்ப எல்லாம் 'யாருக்குடி வச்சுக்கறே'ன்னு கேட்டவங்க நீங்கதானே? இப்பத்தான் யாருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. ஒரு வாரமாவது வச்சுக்கறேன், போங்கடி."

நான் சொல்றது புரியலையா? முதல்ல இருந்து சொல்றேன். எங்க வீட்டுக்காரரைக் கொன்னுட்டாங்க அம்மிணி! பதிமூணு வருஷத்துக்கு முன்னாடியே கொன்னுட்டாங்க! எனக்கு இப்பத்தான் தெரியும்!

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நல்ல சேதிதானே சொல்றேன். அவர் ஓடிப்போகலை. அதான் பேச்சு. இத்தனை நாளா எங்க ஊர்ல எனக்குப் பேர் என்ன தெரியுமா? ஓடிப்போனவன் பொண்டாட்டி. கல்யாண வீட்டுல தாம்பூலத் தட்டு என் பக்கம் வரும்போது தானா வேகமாப் போயிரும். ரேஷன் கடையில, "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"ன்னு அந்தப் பையன் கேக்கறப்ப வரிசையே காதைத் தீட்டிக்கிட்டு நிக்கும். செத்துட்டார்னு சொல்ல முடியாது. இருக்கார்னும் சொல்ல முடியாது. இப்பச் சொல்லலாம் பாருங்க. செத்துட்டார்! கோர்ட்டு முத்திரை குத்தின காகிதமே இருக்கு!

நான் தையல்காரிங்க. ஜாக்கெட் தைக்கற ஆளு நிறையப் பேர் இருக்காங்க. நான் தைக்கறது பட்டாபட்டி. ஆமாங்க, ஆம்பளைங்க வேட்டிக்குள்ள போடுற கோடு போட்ட டவுசர். சிரிக்கலாம், சிரிங்க. மூணு சந்தைக்கு என் சரக்குத்தான் போகுது. சுத்துப்பட்டுல எத்தனை பெரிய மனுஷன் மேடையேறி மாலை வாங்கினாலும், உள்ளே நான் தைச்சதுதான் இருக்கும். அந்த நினைப்பே எனக்கு ஒரு தைரியம்.

எங்க வீட்டுக்காரர் பேர் நாச்சிமுத்து. பேர் சொல்லலாம், இனி என்ன. கட்டட வேலைக்குப் போவார். வேலை இல்லாத நாள்ல சேவல். சேவல் இல்லாத நாள்னு ஒண்ணு கிடையாது. சந்தையில கூட்டத்துல இடிச்சுக்கிட்டு நிக்கறப்ப யாரோ ரெண்டு தடவை அவர் பையில கையை விட்டுட்டாங்கன்னு, டவுசர்ல உள்பை வச்சுத் தரச் சொன்னார். வச்சேன். அதுக்கு ஜிப்பும் வேணும்னார். எம்மக ரெண்டாப்பு படிக்கறப்ப வச்சிருந்த பள்ளிக்கூடப் பை கிழிஞ்சு கிடந்துச்சு. அந்தச் சிவப்பு ஜிப்பை உருவித் தைச்சேன். இழுக்கற இடத்துல ஒரு சின்ன வாத்து தொங்கும். மஞ்ச வாத்து. "ஏன்டி, ஆம்பளை டவுசர்ல வாத்தா?"ன்னார். "யாருக்குங்க தெரியப் போகுது?"ன்னேன்.

பாருங்க, யாருக்குத் தெரிஞ்சுச்சுன்னு!

அந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள் சேவக்கட்டுக்குப் போனார். கூடப் போனது சென்னியப்பன். அடுத்த தெரு. அவரும் சேவக்காரர்தான். ரெண்டு பேரும் பாயில உக்காந்து சேவலுக்குப் பாதாம்பருப்பு ஊட்டுவாங்க, எம்மகளுக்கு நிலக்கடலை. போனவர் அன்னைக்கு வரலை. மறுநாளும் வரலை. மூணாம் நாள் சென்னியப்பன் வந்து வாசல்ல நின்னார். முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. "அண்ணியாரே, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. வசந்தாமணியோட திருப்பூர் பஸ் ஏறிட்டான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்"ன்னார்.

வசந்தாமணி யாருன்னா, மாட்டுச்சந்தை முனையில இட்லிக்கடை வச்சிருந்தா. புருஷன் இல்லாதவ. எங்க வீட்டுக்காரர் அங்கே தினமும் சாப்பிடுவார். இட்லிக்குத்தான். போய்ப் பார்த்தா, கடையில பூட்டுத் தொங்குது. அடுப்பு சில்லுன்னு கிடக்குது. அவ பொங்கலுக்கு மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாள்னு பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். அப்புறம் என்னங்க? பூட்டுக்குச் சாவி பொருந்திப் போச்சு.

அவர் துணி அத்தனையும் தெருவுல போட்டுக் கொளுத்தினேன். பட்டாபட்டி மட்டும் பதினோரு உருப்படி. தைச்சது நான்தானே, நானே கொளுத்தினேன். மண்ணை வாரி வசந்தாமணி கடை மேலே தூத்தினேன். அவ அண்ணன் வீட்டுக்குப் போய் நான் பேசின பேச்சுல, அந்த வருஷம் அவங்க வீட்டுல பேசி முடிச்சிருந்த ஒரு கல்யாணம் நின்னு போச்சு. நல்லா வேணும்னு நினைச்சேன்.

போலீசுக்குப் போனீங்களான்னு நீங்களும் கேக்கறீங்களா? இப்ப இந்தக் கேஸை எடுத்த எஸ்.ஐ. அம்மாவும் இதையேதான் கேட்டாங்க. "காணோம்னு ஒரு புகார் எழுதிக் குடுத்திருந்தா பத்தே நாள்ல கண்டுபிடிச்சிருக்கலாமேம்மா"ன்னாங்க. ஓடிப்போனவரைக் காணோம்னு எப்படிங்க எழுதிக் குடுக்கறது? எனக்கு மானம் இல்லையா? சரி, அதை விடுங்க.

இப்பத்தான் கதையே. ஒரு மாசம் கழிச்சு எங்கடைக்கு ஒரு ஏட்டு வந்தார். தங்கவேலுன்னு பேர். ஆத்துக்கு அந்தக் கரையில இருக்கற ஸ்டேஷன். கல்லுக்குழித் தண்ணியில ஒரு பொணம் மிதந்துச்சாம், முகம் அடையாளமே தெரியலையாம். தையல்கடை தையல்கடையாத் துணியைக் காட்டிக்கிட்டு வர்றார். காக்கிக் காகித உறையில இருந்து ஒரு சட்டையை எடுத்து என் மேஜை மேலே விரிச்சார். ரோஸ் கலர். ரெடிமேட் சட்டை. புத்தம் புதுசு, ஒரு தடவைகூடத் துவைச்சிருக்க மாட்டாங்க. "இந்தச் சட்டையைத் தெரியுமாம்மா?"

நான் அப்ப இருந்த இருப்புல பொணமா, சட்டையா? ரோஸ் சட்டையைப் பார்த்ததும் சிரிச்சுட்டேன். "இந்த மாதிரி ரோஸ் போடற மாப்பிள்ளை எங்க ஊர்ல ஒருத்தரும் இல்லைங்க"ன்னேன். அந்தச் சட்டையை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. வீட்டுல இருந்து கிளம்பறப்ப வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். உறையில இன்னும் ஏதோ புடைச்சுக்கிட்டு இருந்துச்சு. "அது என்னங்க?"ன்னேன். ஏட்டையா முகம் சிவந்து போச்சு. உறையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டார். "அது வேண்டாம்மா. அது உள்துணி. பொம்பளைங்ககிட்ட எல்லாம் காட்டக் கூடாது"ன்னார்.

என் முதுகுக்குப் பின்னாடி கொடியில முப்பது பட்டாபட்டி காய்ஞ்சுக்கிட்டு இருக்கு, அம்மிணி! முப்பது! அந்த மனுஷன் அதையெல்லாம் பார்க்காம சுவத்துல இருந்த காலண்டரையே பார்த்துக்கிட்டு நின்னார். ரொம்ப மரியாதையான ஆளு. ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, எங்க வீட்டுக்காரரைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயிட்டார்.

சிரிக்காம எப்படி இருக்கறது, சொல்லுங்க? ஒரு கொலை. ஒரு வருஷம் இல்லை, பதிமூணு வருஷம் அப்படியே கிடந்துச்சு. எதனால? ஒரு ஏட்டுக்கு வெக்கம் வந்ததனால.

ஸ்டேஷன்ல எங்க வீட்டுக்காரருக்குப் பேர்கூட வச்சிருந்தாங்களாம். அடையாளம் தெரியாத ஆண், வயது நாற்பதுன்னு காகிதத்துல இருக்கு. அவருக்கு முப்பத்தாறுதான், அதுவே எனக்குக் கோவம். வாய்ப்பேச்சுல வாத்துக்காரர். "வாத்துக்காரர் கட்டு எங்கப்பா? பீரோ மேல இருக்கு." அப்படித்தான் பேசிக்குவாங்களாம். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கறப்ப எடுத்துத் தூசி தட்டி வைப்பாங்களாம். நான் பக்கத்துல இருந்திருந்தா அதைத்தானே செஞ்சிருப்பேன்?

நாலு மாசம் முன்னாடி அந்த ஸ்டேஷனுக்குப் புது எஸ்.ஐ. வந்தாங்க. ஜெனிட்டான்னு பேர். நாகர்கோவில் பக்கம். என் மகளைவிட நாலு வயசுதான் கூட இருக்கும். தீராத கேஸ் எல்லாம் எடுத்துப் பார்க்கச் சொல்லி மேலிடத்துல இருந்து உத்தரவு. அந்தப் பொண்ணு கட்டைப் பிரிச்சு, டவுசரை உதறி, ரெண்டு கையில தூக்கிப் பிடிச்சுப் பார்த்திருக்கு. சுத்தி நின்ன ஆம்பளைங்க எல்லாம் கூரையைப் பார்த்தாங்களாம். "ஏன் இதை யாருகிட்டயும் காட்டலை?"ன்னு கேட்டிருக்கு. அந்தப் பொண்ணு அதை ஒரு கட்டைப்பையில போட்டுக்கிட்டு, சாதாப் புடவையில சந்தைக்கு வந்துருச்சு.

வெள்ளிக்கிழமைச் சந்தை. நான் பாய் விரிச்சு டவுசர் அடுக்கிக்கிட்டு இருக்கேன். முன்னாடி வந்து குத்த வச்சு உக்காந்து, "அக்கா, இது மாதிரி ஜிப்பு வச்சுத் தருவீங்களா?"ன்னு எடுத்துக் காட்டுச்சு.

வாத்து.

மஞ்சச் சாயம் போயி வெளுத்திருந்துச்சு. ஆனா வாத்து வாத்துதானே? நான் வாத்தைப் பார்த்துட்டுச் சொல்லலை, அம்மிணி. துணியைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அடிநூல் எப்பவும் நீலம். மேல்நூல் எந்தக் கலர் போட்டாலும் அடிநூல் நீலம்தான். மொத்தமா நூல்கண்டு வாங்கிப் போட்டது தீரவே மாட்டேங்குது. பை முடியற மூலையில மூணு தடவை முன்னும் பின்னும் ஓட்டி அடிப்பேன். அது என் கை. வேற யாரும் அப்படி அடிக்க மாட்டாங்க, நூல் வீணாகுதுன்னு. மூணு தடவை எண்ணினேன். நீலம். மூணு. நீலம். மூணு.

"இது எங்க வீட்டுக்காரர் டவுசராச்சே. திருப்பூர்லயா இருக்கார்?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இல்லைக்கா. இங்கேதான் இருக்கார்"னு சொல்லுச்சு.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்க்கற மாதிரி, "எங்க வீட்டுக்காரர் ஓடிப்போகலையாமா!"ன்னு கத்தினேன். தக்காளிக்கடைக்காரி, "என்னது, வந்துட்டாரா?"ங்கறா. "இல்லைடி, செத்துட்டாராமா!"ங்கறேன். அன்னைக்கு வித்த டவுசருக்கெல்லாம் நான் காசே வாங்கலை.

அப்புறம் தாசில்தார் முன்னாடி, அன்னைக்குப் போலீஸ் பொதைச்சு வச்ச குழியைத் தோண்டி எலும்பு எடுத்து, எம்மக ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பி, அதுவும் இதுவும் ஒண்ணுதான்னு காகிதம் வர்றதுக்கு ரெண்டு மாசம். எனக்கு அந்தக் காகிதமே வேண்டியதில்லை. நீல அடிநூலை விடவா? எம்மகதான், "அம்மா, நீ ஏம்மா சிரிச்சுக்கிட்டே இருக்கே? பயமா இருக்கு"ன்னா. அவளுக்கு இப்ப ஏழு மாசம். அதான் மயானத்துக்கோ ஆத்துக்கோ வரக் கூடாதுன்னுட்டேன். மருமகன் கொள்ளி வச்சார். தங்கமான பையன்.

கொன்னது யாருன்னு கேக்க மாட்டீங்களா? அது ரொம்பச் சுளுவு. எஸ்.ஐ. பொண்ணு கேட்டுச்சு: "கடைசியா யாரோட போனார்?" "சென்னியப்பனோட." அவ்வளவுதான். சென்னியப்பன் வீட்டுக்குப் போச்சு. அவர் மாட்டுக்குத் தவிடு கரைச்சுக்கிட்டு இருந்திருக்கார். "நாச்சிமுத்துவைப் பத்தி ஒண்ணு கேக்கணும்"னு சொன்னதுதான், தவிட்டுக் கையோட நின்ன இடத்திலேயே உக்காந்து அழுதுட்டாராம். "பதிமூணு வருஷமா யாருமே கேக்கலைங்க"ன்னாராம்.

விஷயம் இதுதான். அன்னைக்குக் கட்டுல எங்க வீட்டுக்காரர் சேவலும் சென்னியப்பன் சேவலும் மோதியிருக்கு. சென்னியப்பன் சேவல் முதுகைக் காட்டி ஓடிருச்சு. தோத்த சேவலுக்குக் கோச்சைன்னு பேர். அது உசுரோடயே இருந்தாலும் ஜெயிச்சவனுக்குத்தான். தூக்கிட்டுப் போய்க் கறி வச்சுக்கலாம். அது அங்கத்த நியாயம். சென்னியப்பன் அந்தச் சேவலை ரெண்டு வருஷம் பக்கத்துல படுக்க வச்சு வளர்த்தவர். "எடைக்கு எடை ஆட்டுக்கறி வாங்கித் தர்றேன் பங்காளி, அதை எங்கிட்டவே குடுத்துரு"ன்னு கெஞ்சிக்கிட்டே பின்னாடி போயிருக்கார். ஆத்தைத் தாண்டி, கல்லுக்குழி வரைக்கும் கெஞ்சியிருக்கார். எங்க வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே, "வசந்தாமணி கையில குடுத்தா இந்தக் கோச்சை எப்படிக் கொழம்பாகும் தெரியுமாடா?"ன்னு சொல்லிக்கிட்டே, அவர் கண்ணு முன்னாடி கழுத்தைத் திருகியிருக்கார்.

ஒரே கல்லுதானாம்.

அந்த வாக்குமூலத்தை எஸ்.ஐ. பொண்ணு எனக்குப் படிச்சுக் காட்டுச்சு. வசந்தாமணி பேர் வர்ற வரியை மட்டும் தொண்டையைச் செருமிக்கிட்டுப் படிச்சுச்சு. அதுல என்ன இருக்கு? நான் தையல்காரி. என் கொழம்பு சுமார்தான், அதை நானே ஒத்துக்குவேன். அவ நல்லாச் சமைப்பா. நல்ல கறியை நல்லாச் சமைக்கறவகிட்டக் குடுக்கறதுதானே முறை? வீட்டுக்குத் தூக்குல வாங்கிட்டு வந்திருப்பார். "வீடு இந்தக் கரையில இருக்கு, அவர் எதுக்கும்மா அந்தக் கரைக்குப் போனார்?"னும் கேட்டுச்சு. அந்தக் கரையில பரமத்தி வேலூர் பஸ் நிக்கற இடத்துல டீ நல்லா இருக்கும். அதைச் சொன்னேன். எழுதிக்கிச்சா, இல்லையான்னு தெரியலை.

சென்னியப்பன் கெட்டவர் இல்லைங்க. அதையும் சொல்லணும். இத்தனை வருஷமா எங்க வீட்டுக் கூரைக்கு ஓடு மாத்தினது அவர்தான். மிஷின் பெல்ட்டு அறுந்தா அவர்தான் ஓடுவார். எம்மக கல்யாணத்துல பந்தியில நின்னு பரிமாறினார். தீபாவளிக்குத் தீபாவளி துணி குடுத்து, எங்கிட்டத்தான் பட்டாபட்டி தைச்சுக்குவார். உள்பை மட்டும் வேண்டாம்பார். நானும், சிக்கனமான மனுஷன்னு நினைச்சுக்குவேன்! இனி மிஷின் பெல்ட்டுக்கு யாரைக் கூப்பிடறதுன்னுதான் தெரியலை.

நாற்சந்தியில பிளக்ஸ் வச்சேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. கண்ணீர் அஞ்சலின்னு மேலே. படம் வேணும்னான் பிரிண்டிங் கடைப் பையன். எங்கிட்ட இருந்தது ஒரே படம், அவர் சேவலைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கறது. "சேவலை வெட்டிரட்டுங்களா?"ன்னான். வெட்டினா கை கோணலாத் தெரியும்னு அப்படியே போடச் சொல்லிட்டேன். இப்பப் பார்த்தா ரெண்டு பேருக்குமே அஞ்சலி மாதிரி இருக்கு. கீழே என்ன எழுதறதுன்னு கேட்டான். "இவர் எங்கேயும் போகவில்லை"ன்னு எழுதுன்னேன். "அப்படி யாரும் போட மாட்டாங்கக்கா"ன்னான். "நீ போடு. பெரிய எழுத்துல போடு"ன்னேன். ஊர்ல ஒவ்வொருத்தரும் நின்னு படிச்சுட்டுத்தான் பஸ் ஏறினாங்க. எனக்குக் கல்யாணம் ஆன அன்னைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இல்லை, அம்மிணி.

இது எந்த ஊரு? தவுட்டுப்பாளையம் போயிருச்சா? இன்னும் இல்லையா? சரி.

போன வாரம் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடப் போனேன். எஸ்.ஐ. மேஜையில ஒரு காகிதம். சாட்சின்னு போட்டு வசந்தாமணி பேர், பரமத்தி வேலூர்னு விலாசம், கீழே போன் நம்பர். திருப்பூர் இல்லைங்க! வேலூர்! இதோ, பாலத்தைத் தாண்டினா வேலூர். அரை மணி நேரம். பதிமூணு வருஷமா அரை மணி நேரத்துல இருந்திருக்கா. எனக்கு அளவு எடுத்துப் பழகின மூளை. பத்து நம்பரை ஒரு தடவை பார்த்தாப் போதும். சம்மன் போறதுக்கு முன்னாடி நானே கூப்பிட்டேன்.

"யாருங்க?"ன்னா. "சம்பூரணம்"னேன். கரண்டி தட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அங்கேயும் ஏதோ மெஸ் வச்சிருக்கா போல. அப்புறம் சொல்றா, "இப்ப எதுக்குக்கா கூப்பிடறீங்க? அதான் அவரை நீங்களே வச்சுக்கிட்டீங்களே."

"நான் வச்சுக்கிட்டேனா? நீதானடி இழுத்துக்கிட்டுப் போனே?"

"எங்கிட்ட எங்கக்கா வந்தார்? ரெண்டு நாள். ரெண்டு நாள் வேலூர் பஸ் ஸ்டாண்டுல மூட்டையோட உக்காந்திருந்தேன். பொண்டாட்டி, புள்ளை ஞாபகம் வந்து திரும்பிட்டார்னு நினைச்சேன். உங்களை நான் திட்டாத நாள் இல்லை."

பார்த்தீங்களா! நான் அவளைத் திட்ட, அவ என்னைத் திட்ட, அந்த மனுஷன் ரெண்டு பேருக்கும் நடுவுல ஸ்டேஷன் பீரோ மேலே ஹாயாப் படுத்திருந்திருக்கார். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "எங்கேயும் வரலையாடி? நல்லாச் சொல்லு, வரவே இல்லையா?"ன்னேன். "வரலைக்கா"ன்னா. கேட்டுக்குங்க, அம்மிணி. இது அவ வாயாலயே சொன்னது. வரலை! பிளக்ஸ்ல நான் போட்டது பொய் இல்லை. போகலை அவர்!

போற வழியிலதான்னு சொல்ல வர்றீங்க. தெரியுது. உங்க முகத்துல தெரியுது. எஸ்.ஐ. பொண்ணு முகத்துலயும் இதேதான் இருந்துச்சு. போற வழி வேற, போறது வேற. வழியில பாதிப்பேர் திரும்பிருவாங்க. கல்லுக்குழியைத் தாண்டினதும், எம்மக நிலக்கடலை கேட்டாளேன்னு ஞாபகம் வந்து திரும்பியிருந்தா? இல்லைன்னு யாரால சொல்ல முடியும்? சென்னியப்பனால முடியாது. வக்கீலால முடியாது.

அன்னைக்கே அவரைக் கொன்னுட்டாங்கன்னு நான் சொன்னதும் அவ ஒண்ணு கேட்டா. "எப்படிக்கா?"ன்னு கேக்கலை. "யாரு?"ன்னும் கேக்கலை. "ரோஸ் சட்டை போட்டிருந்தாரா?"ன்னா.

"ஆமா"ன்னேன்.

அழுதா பாருங்க. அப்படி ஒரு அழுகை. அடுப்புல எண்ணெய் காயற சத்தமும் அவ சத்தமும் ஒண்ணாக் கேக்குது. எதுக்கு அழறான்னு முதல்ல புரியலை. சட்டை வீணாப் போச்சேன்னு அழறாளோன்னு நினைச்சேன். நான் போனைக் காதுல வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம். வைக்க மனசு வரலைங்க.

ஏன்னா, நேத்துப் பாருங்க, மயானத்துல நூறு பேர் இருந்தாங்க. ஒருத்தர் கண்ணுலயும் தண்ணி இல்லை. செத்துப் பதிமூணு வருஷம் ஆனவருக்கு யார் அழுவாங்க? எம்மகளுக்கு அப்பன் முகமே மறந்து போச்சு. நானாவது அழணும்ல? முயற்சி பண்ணினேன், அம்மிணி. கண்ணை மூடிக்கிட்டு அவர் செத்ததை நினைச்சேன். ஓடிப்போகலை, ஓடிப்போகலைன்னுதான் உள்ளே மேளம் அடிக்குது. சிரிப்புத்தான் வருது. கட்டின பொண்டாட்டி நான், எரியற சிதை முன்னாடி முந்தியை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன். மருமகன், நான் அழறேன்னு நினைச்சுத் தோளைத் தட்டிக் குடுத்தார்.

ஆத்துலயும் போய் நான் சிரிச்சுக்கிட்டே கவுத்தா நல்லாவா இருக்கும்? அவருக்குன்னு ஒருத்தி அழணும். அதான் நேத்துச் சாயங்காலம் திரும்பவும் போன் பண்ணி, "பதினோரு மணி பஸ்ல வர்றேன். வேலாயுதம்பாளையத்துல நில்லு"ன்னேன். வர்றேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை.

வந்தா கேப்பீங்களான்னு கேக்கறீங்களா? எதை? மூட்டை கட்டிட்டு ரெண்டு பேரும் எங்கே போறதா இருந்தீங்கன்னா? மாட்டேன். என்னைப் பத்தி அவர் ஏதாவது சொன்னாரான்னா? அதுவும் மாட்டேன். கோர்ட்டுல கேப்பாங்கல்ல, அப்பக் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் பிளக்ஸ் அங்கேயேதான் இருக்கும்.

வேலாயுதம்பாளையம் வந்துருச்சா? அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளுங்க. யாரையும் காணோமே. பூக்கடை... பழக்கடை... அந்த ஆலமரத்தடியில குடையோட... இல்லை, அது வேற யாரோ. வரலை. சரிதான், எதுக்கு வரணும்? நான் மண்ணு தூத்தினது கொஞ்சமா?

இருங்க. இருங்க, அம்மிணி. அந்தத் தண்ணித்தொட்டிப் பக்கம். பச்சைப் புடவை. அவதான்! தலை பூரா நரைச்சுப் போச்சே. எவ்வளவு கருகருன்னு இருக்கும், இப்படியா போகும்? கண்டக்டர் தம்பி! விசில் அடிக்காதீங்க, ஒரு ஆளு ஏறணும்! ஏய் வசந்தா! இங்கே, இங்கேடி! முன்படியில ஏறு!

அம்மிணி, தப்பா நினைச்சுக்காதீங்க. பின்னாடி ரெண்டு பேர் இறங்கிட்டாங்க, சீட்டுக் காலியா இருக்கு. கொஞ்சம் எந்திரிச்சு அங்கே போய் உக்காந்துக்கறீங்களா? இத்தனை நேரம் கேட்டீங்களே, ரொம்பப் புண்ணியம்.

வா. உக்காரு. கம்பியைப் பிடிச்சு உக்காரு, பஸ் எடுக்கறான். என்னத்தை நின்னு பார்த்துக்கிட்டு இருக்கே? இந்தா, கையை நீட்டு. ரெண்டு கையாலயும் பிடி. கொஞ்ச நேரம் நீ வச்சிரு. எனக்கு மடி மரத்துப் போச்சு.